ஏட்டில் வந்த மாற்றமும் வகுப்பில் வந்த மாற்றமும்

நம் கல்விச் சங்கம் தோன்றி 25 ஆண்டுகள் நிறைவெய்தும் இவ்வேளையில், இளைஞர்க்குப் பயன்படுமாறு கல்வி வரலாறு பற்றிக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு மலர்க்குழுவினர் நம்மைப் பணித்தனர். முப்பது ஆண்டுகளுக்கு அருகாக வரலாற்றுப் பாடம் கற்பித்துவரும் நமக்கு இப்பணி உவப்பானதே. மன்னர் ஆண்ட வரலாறும் மக்கள் போராடிய வரலாறும் நூல்களில் உள. நம் பள்ளிக்கூடத்தின் நான்கு சுவர்களுக்குள்ளே நிகழ்ந்த வரலாறு ஒன்று மட்டும் பெரிதும் எழுதப்படாமலே கிடக்கிறது. அது பாடத்திட்டங்கள் மாறிய வரலாறு.

பாடத்திட்டம் மாறுகிறதென்றால் மக்கள் காண்பது யாது? தலைநகரில் வல்லுநர் குழு அமைகிறது, அறிக்கை வருகிறது, அரசாணை பிறக்கிறது, புதுநூல் அச்சேறுகிறது. அத்துடன் மாற்றம் நிறைவேறிற்று என எண்ணுகின்றனர். உண்மையில் அப்பொழுதுதான் அது தொடங்குகிறது. ஓர் ஆசிரியர், நாற்பது குழந்தைகள், ஒரு கரும்பலகை என்னும் சிற்றுலகில் அது வேரூன்றினால் உண்டு. இன்றேல் ஏட்டளவில் நின்றுவிடும். அவ்வாறு நின்றுவிடும்போது வசதியுடையோர் வேறு பள்ளியைத் தேடிக்கொள்வர், தனிப்பயிற்சி வைத்துக்கொள்வர். அரசுப் பள்ளியையன்றி வேறு கதியில்லாத நம் பிள்ளைகளே அதன் இழப்பை முதலிற் சுமப்பவர்கள். இவ்வுண்மையை வரலாற்றினின்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாயிலைக் கடந்த காலம்

நம் முன்னோர்க்குப் பாடத்திட்டம் என்பது பின்னால் வந்த கேள்வி. பள்ளி வாயிலைக் கடப்பதே அவர்க்கு முதற்கேள்வி. ஊர்த் திண்ணைப் பள்ளிகளில் நம்மவர்க்கு இடமில்லை. கிறித்தவ மிஷன் பள்ளிகள் சில ஊர்களில் கதவு திறந்தன. கர்னல் ஆல்காட் 1894ஆம் ஆண்டில் அடையாற்றுப் பகுதியில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி நிறுவினார். 1920ஆம் ஆண்டில் சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டம் நிறைவேறிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் தொழிலாளர் ஆணையர் பொறுப்பில் தாழ்த்தப்பட்டோர்க்கெனத் தனிப் பள்ளிகள் ஏற்பட்டன. முதியோர் ‘லேபர் பள்ளிக்கூடம்’ என்று வழங்கியது இவற்றையே. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அவற்றின் வழிவந்தவை.

தனிப் பள்ளி கிடைத்தமை பெரும்பேறே. ஆயினும் ஒரே பாடம் இருவேறு பள்ளிகளில் இருவேறு பாடமாகிவிடும் என்பதை நம் தலைவர்கள் உணர்ந்திருந்தனர். பள்ளி ஆசிரியராயிருந்து பொதுவாழ்வுக்கு வந்த எம்.சி. ராஜாவும், இரட்டைமலை சீனிவாசனும் பொது இடங்களின் கதவுகள் நம்மவர்க்குத் திறக்க வேண்டுமென ஓயாது வாதாடினர். அவர்கள் திறந்த வாயில் வழியாகவே நாம் உள்ளே வந்தோம்.

மூன்று மணி நேரப் பள்ளி

1953ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஊரகத் தொடக்கப் பள்ளிகளில் புதிய திட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. அப்பொழுது முதலமைச்சராயிருந்தவர் ராஜாஜி. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரமாயிருந்த பள்ளி மூன்று மணி நேரமாகக் குறைந்தது. பிள்ளைகள் இரு பிரிவாயினர். ஒரு பிரிவினர் காலையில் வருவர், மறு பிரிவினர் பிற்பகலில் வருவர். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலையோ ஊர்க் கைத்தொழிலையோ அவர்கள் பழக வேண்டும் என்பது ஏற்பாடு.

வரலாற்று மாணவன் இருபக்கமும் நோக்க வேண்டும். இத்திட்டத்தின் பின்னே மெய்யான நெருக்கடி ஒன்று இருந்தது. பள்ளி செல்லாக் குழந்தைகள் மிகப் பலர். கட்டடமும் ஆசிரியரும் குறைவு. அரசிடம் பணமும் குறைவு. உள்ள கட்டடத்திலும் உள்ள ஆசிரியரைக் கொண்டும் இருமடங்கு குழந்தைகளைச் சேர்க்கலாம் என்பது அரசின் கணக்கு. தொழிலைக் கல்வியோடு இணைப்பதும் புதிய கருத்தன்று. 1937ஆம் ஆண்டு வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை நடுவில் வைத்ததே. ஆனால் ஆதாரக் கல்வியில் தொழில் என்பது பள்ளிக்குள்ளே, ஆசிரியர் முன்னிலையில், எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக நிகழ்வது. 1953ஆம் ஆண்டுத் திட்டத்தில் அது பள்ளிக்கு வெளியே, அவரவர் வீட்டிலும் தெருவிலும் நிகழ்வது. இவ்வொரு வேறுபாடு அனைத்தையும் மாற்றிவிட்டது.

தச்சர் மகன் உளி பிடிக்கலாம். குயவர் மகன் சக்கரம் சுற்றலாம். நம் பிள்ளைக்கு அன்று தந்தையின் தொழில் யாது? பிறர் நிலத்தில் கூலி. இறந்த மாட்டை அப்புறப்படுத்தல். இழவுச் செய்தி கொண்டு நெடுந்தொலைவு நடத்தல். இவற்றைப் பழகவோ பள்ளியில் இரண்டு மணி நேரத்தைக் குறைத்துக்கொள்வது? இக்கேள்விக்கு விடையில்லை. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று இதற்குப் பெயரிட்டனர்; பெயரே பாதிப் போரை வென்றது. திட்டத்தை ஆராய 1953இல் அமைக்கப்பட்ட பருலேகர் குழு அதற்கு ஆதரவாகவே அறிக்கை தந்தது. ஆயினும் மக்கள் அதனை ஏற்கவில்லை. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது. ஒரே கல்வியாண்டோடு அதன் வாழ்வு முடிந்தது.

இதனின்று நாம் பெறும் பாடம் யாது? வல்லுநர் ஒப்புதல் இருந்தது, அரசாணை இருந்தது, இல்லாதிருந்தது பெற்றோரின் நம்பிக்கை. எவருடைய பிள்ளைக்காக மாற்றம் வருகிறதோ அவரைக் கேளாமல் செய்யும் மாற்றம் நிலைபெறாது. அடுத்து வந்த அரசு 1956இல் மதிய உணவைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது. 1982இல் சத்துணவுத் திட்டம் அதனை விரிவாக்கிற்று. பாடநூலில் ஒரு வரியையும் மாற்றாத அவ்வேற்பாடு, பல பாடத்திட்டங்கள் செய்யாத வேலையைச் செய்தது. பசித்த பிள்ளையை வகுப்பில் அமரச் செய்தது.

பத்தும் இரண்டும்

கோத்தாரிக் கல்விக்குழு 1964 முதல் 1966 வரை ஆராய்ந்து தந்த பரிந்துரையின் வழியில் 1978ஆம் ஆண்டு தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி தொடங்கிற்று. பதினொரு வகுப்பும் கல்லூரியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பும் என்றிருந்த முறை மாறிப் பத்தும் இரண்டும் ஆயிற்று. நகரத்துக் கல்லூரிக்குச் செல்ல வகையற்ற நம்மவர் பலர்க்கு அண்மையிலுள்ள பள்ளியிலேயே பன்னிரண்டாம் வகுப்புவரை பயிலும் வாய்ப்பு வந்தது நன்றே. ஆயினும் ஆய்வகமும் முதுகலை ஆசிரியரும் பள்ளிக்குப் பள்ளி வேறுபட்டன. ஆய்வகம் அமையாத பள்ளியில் பயின்றவன் வேதியியலைக் கரும்பலகையில் கண்டான். அமைந்த பள்ளியில் பயின்றவன் குடுவையில் கண்டான். இருவரும் எழுதியது ஒரே தேர்வு.

நாற்காலியும் பாயும்

இனி நாமே கண்டதைக் கூறுவோம். நூறு ஆண்டுக் கல்வி வரலாற்றில் நம் பிள்ளைகளுக்கு மிக நெருங்கி வந்த மாற்றம் செயல்வழிக் கற்றலே என்பது நம் துணிபு. ஆந்திரத்து ரிஷி வேலிப் பள்ளியின் முறையைத் தழுவி, 2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் அது தொடங்கிற்று. அப்பொழுது மாநகராட்சி ஆணையராயிருந்த எம்.பி. விஜயகுமார் அதற்கு உயிர்நாடியாய் விளங்கினார். 2007-08ஆம் ஆண்டில் மாநிலம் முழுவதும் 37,000க்கு மேற்பட்ட பள்ளிகளின் முதல் நான்கு வகுப்புகளுக்கு அது விரிந்தது.

அம்முறையின் இயல்பை இளைஞர்கள் அறிதல் நன்று. பாடம் சிறு சிறு படிகளாகப் பகுக்கப்பட்டு ஏணியாகச் சுவரில் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு படிக்கும் படச் சின்னமிட்ட அட்டை ஒன்று. குழந்தை தானே தன் அட்டையை எடுத்து, அச்சின்னத்துக்குரிய குழுவில் அமர்ந்து கற்கும். ஆசிரியர் துணை வேண்டும் குழு ஒன்று; தோழர் துணை போதும் குழு ஒன்று; தானே கற்கும் குழு ஒன்று. விரைந்து கற்பவன் காத்திருக்க வேண்டுவதில்லை. ஒரு வாரம் நாற்று நடவுக்குத் தாயோடு சென்றுவிட்ட குழந்தையும் விட்ட படியிலிருந்தே தொடரலாம். சுவரில் தாழ்வாகக் குழந்தைகளுக்கெனக் கரும்பலகை. நடுவே பாய். ஆசிரியர்க்கு நாற்காலி இல்லை. அவரும் பாயில் அமர வேண்டும்.

இங்கே நம் குறையொன்றை மறையாது கூற வேண்டும். வட்டார வள மையத்துப் பயிற்சியில் பாயைப் பற்றிக் கேட்டபொழுது நம் உள்ளம் சுருங்கிற்று. நம் தந்தையார் ஊர்ப் பெரியவர் எவர் முன்னும் நாற்காலியில் அமர்ந்தவரல்லர். நம் குடும்பத்தில் நாற்காலியில் அமர்ந்த முதல் தலைமுறை நாம். ஊர்த்தெருப் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் கூற, அந்நாற்காலியில் அமர்வது நமக்குச் சம்பளத்தினும் பெரிதாயிருந்தது. அதைவிட்டு இறங்குமாறு சுற்றறிக்கை வந்தது. முதல் வாரம் நாம் இறங்கவில்லை. பயிற்றுநர் வரும்போது மட்டும் பாயில் அமர்ந்தோம். அவர் சென்றபின் நாற்காலிக்கே மீண்டோம்.

நம்மை இறக்கியது சுற்றறிக்கையன்று. ஒரு நாள் காலை, காலனியிலிருந்து வரும் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தோழர் குழுவில் தனக்கு இரண்டு படி கீழிருந்த ஊர்த்தெருச் சிறுவனின் விரலைப் பிடித்து எழுத்தின் சுழியைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். அவனும் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தான். யார் எங்கே அமர்வது என்பதை அட்டையின் சின்னம் முடிவு செய்தது; தெரு முடிவு செய்யவில்லை. நாற்காலியிலிருந்து பார்த்தபொழுது நமக்கு அச்சிறுமியின் உச்சந்தலைதான் தெரிந்தது. அவள் முகத்தைக் காண விரும்பிப் பாயில் அமர்ந்தோம். அதன்பின் அந்நாற்காலி வகுப்பறைக்குத் திரும்பவில்லை.

ஆயின் இக்கதை இன்பமாக முடியவில்லை. இரண்டு ஆசிரியர்கள் நான்கு வகுப்பைக் கவனிக்க வேண்டியிருந்தது. ஒருவர் பயிற்சிக்குச் சென்றால் மற்றவர் தனியே. அட்டைகள் கை மாறி மாறி நைந்தன. தொலைந்த அட்டைக்கு மறு அட்டை வர மாதங்களாயின. ஏணியில் ஒரு படி இல்லையேல் குழந்தை அங்கேயே நிற்கும். பார்வையிட வந்தோர் பலர் குழந்தையைக் காட்டிலும் பதிவேட்டையே மிகுதியாக நோக்கினர். நம் பெற்றோர்க்கோ வேறொரு கவலை. “புத்தகமும் இல்லை, வீட்டுப்பாடமும் இல்லை, பிள்ளை பாயில் விளையாடிவிட்டு வருகிறதே, ஐயா” என்று கேட்டனர். அவர்களை ஒரு முறையேனும் வகுப்பறைக்கு அழைத்து விளக்கியிருக்க வேண்டும். நாம் அதைச் செய்யவில்லை. ஆசிரியர்க்குப் பயிற்சி தந்த திட்டமும் பெற்றோரைப் போதிய அளவு எண்ணவில்லை.

ஊர்த்தெருப் பெற்றோர் விளக்கத்துக்குக் காத்திருக்கவில்லை. ஆங்கிலப் பள்ளியின் வேன் ஊருக்குள் வரத் தொடங்கியது. மூன்று ஆண்டுகளில் அத்தெருப் பிள்ளைகள் ஏறத்தாழ எல்லாரும் அதில் ஏறிச் சென்றனர். சிலர்க்குக் காரணம் ஆங்கிலம். சிலர்க்குக் காரணம் அந்தப் பாய். அவர்கள் வாய்திறந்து சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. பாய் அங்கேயே இருந்தது. வட்டத்தில் பாதி இல்லை.

நூலின்றி நடந்த பள்ளி

அடுத்து வந்தது சமச்சீர்க் கல்வி. மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்கு வகையாய்ப் பிரிந்துகிடந்த பள்ளிக் கல்வியை ஒன்றாக்க வேண்டுமென்பது நெடுநாள் வேண்டுகோள். முனைவர் முத்துக்குமரன் தலைமையிலான குழு 2007இல் அறிக்கை தந்தது. 2010இல் சட்டம் நிறைவேறிற்று. அவ்வாண்டு ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் பொதுநூல் வந்தது. கூலிக்காரர் மகளும் கோடீசுவரர் மகளும் ஒரே நூலைப் படிக்கும் காலம் வந்ததென நாம் மகிழ்ந்தோம்.

2011ஆம் ஆண்டு மே மாதம் ஆட்சி மாறிற்று. ஏனைய வகுப்புகளுக்கு அத்திட்டத்தை நிறுத்திவைக்கச் சட்டத் திருத்தம் வந்தது. வழக்குகள் எழுந்தன. ஜூலை 18ஆம் நாள் உயர்நீதிமன்றம் அத்திருத்தத்தைச் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. ஆகஸ்ட் 9ஆம் நாள் உச்சநீதிமன்றம் பத்து நாட்களுக்குள் சமச்சீர்க் கல்வியை நடைமுறைப்படுத்துமாறு ஆணையிட்டது. ஜூனில் திறந்த பள்ளியில் அதுவரை பாடநூல் இல்லை. சீருடையணிந்து, பை சுமந்து, நாள்தோறும் வந்த பிள்ளைகளிடம் நாம் பழைய பாடங்களையும் வாய்ப்பாட்டையும் திரும்பத் திரும்பக் கூறிக்கொண்டிருந்தோம். ஒரு சிறுவன், “ஐயா, இந்த ஆண்டு பாடமே கிடையாதா?” என்றான். விடை கூற நமக்கு நா எழவில்லை. நூல் வந்தபின்னும் சில பக்கங்கள் காகிதம் ஒட்டி மறைக்கப்பட்டிருந்தன.

இரு தரப்பினரின் நியாயங்களை எடைபோடுவது இக்கட்டுரையின் வேலையன்று. கல்வியாண்டில் இரண்டு மாதங்களுக்கு மேல் போனது எவர்க்கு என்பதே நம் கேள்வி. படித்த தாய் தந்தையர் உள்ள வீடுகளில் அவ்விரு மாதமும் பாடம் நடந்தது. நம் வீடுகளில் அது வீணே கழிந்தது. அவ்வாண்டு பத்தாம் வகுப்பிலிருந்த பிள்ளைகள் எஞ்சிய மாதங்களில் முழுப் பாடத்தையும் கற்று, 2012இல் அப்பாடத்திட்டத்தின் முதற் பொதுத்தேர்வை எழுதினர். பொதுநூல் வந்துவிட்டால் பொதுப்பள்ளி வந்துவிடாது என்பதை அவ்வாண்டு நமக்குக் கற்பித்தது.

தேர்வு என்னும் மறைவான பாடத்திட்டம்

ஏட்டில் எழுதிய பாடத்திட்டம் ஒன்று. தேர்வு நடத்தும் பாடத்திட்டம் மற்றொன்று. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டு உருப்போடச் செய்த தனியார் பள்ளிகள் பல. இதனைத் தடுக்கவே 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. பிறகு அத்தேர்வே சுமையாயிற்றெனக் கண்டு, 2025ஆம் ஆண்டு வெளிவந்த மாநிலக் கல்விக் கொள்கை அதனை நீக்கிற்று. மருந்தே நோயாகும் விந்தை கல்வியில் அடிக்கடி நிகழ்கிறது.

2017ஆம் ஆண்டில் மருத்துவக் கல்விக்கு நீட் தேர்வு கட்டாயமாயிற்று. அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் மாணவி அனிதா, மாநிலப் பாடத்திட்டத்தில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றவர். மூட்டை சுமக்கும் தொழிலாளியின் மகள். அவர் கற்ற பாடத்திட்டம் ஒன்று. அவரை அளந்த கோல் வேறொன்று. அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் அவரை நாம் இழந்தோம். பாடத்திட்டமும் தேர்வும் வெவ்வேறு திசையில் இழுக்கும்போது இடையில் நசுங்குவது யார் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டா. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது ஓரளவு ஆறுதல்.

2018-19இல் புதிய நூல்கள் வந்தன; அழகிய நூல்கள், ஆழ்ந்த நூல்கள். கைப்பேசியில் காட்டினால் பாடக்காட்சி தோன்றும் குறியீடுகளும் அவற்றில் இருந்தன. அக்கைப்பேசியோ பகலெல்லாம் தந்தையோடு கட்டட வேலைக்குச் சென்றுவிடும். 2020 மார்ச்சில் நோய்த்தொற்றால் பள்ளிகள் மூடியபொழுது இக்குறை வெளிப்பட்டது. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வந்தது. நம் காலனியிலும் படித்த பெண்கள் முன்வந்து மாலையில் பாடம் சொல்லினர். 2022இல் எண்ணும் எழுத்தும் தொடங்கிற்று. அரும்பு, மொட்டு, மலர் என நிலைக்கேற்பப் பிள்ளைகளைப் பிரித்துக் கற்பித்தனர். பழைய பாயின் நினைவு நமக்கு வந்தது. நல்ல கருத்துகள் சாவதில்லை. பெயர் மாறி மீள்கின்றன. மீண்டும் வரும்போதேனும் நாம் ஆயத்தமாயிருக்க வேண்டும்.

நாம் செய்யத் தக்கவை

மேற்கூறிய வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் தடைகள் சிலவே. நூல் காலத்தில் வாராமை. ஆசிரியர் எண்ணிக்கை குறைவு. பயிற்சி சில நாட்களோடு முடிதல். தேர்வு பழைய வழியிலேயே நிற்றல். பெற்றோர்க்கு எவரும் எடுத்துரையாமை. இவற்றுள் முதல் நான்கு அரசின் பொறுப்பு. ஐந்தாவது நம் பொறுப்பு. முதல் நான்கைக் கேட்டுப் பெறுவதும் நம் பொறுப்பே.

கேட்பதற்கு இடம் உண்டு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு உண்டு. அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவினர்க்கு உரிய பங்கு உண்டு. அக்கூட்டத்தில் கையொப்பமிட்டு மீள்வதோடு நம்மவர் நின்றுவிடலாகாது. புதுநூல் முதல் வாரத்தில் வந்ததா? ஆசிரியர் பயிற்சிக்குச் சென்ற நாளில் வகுப்பை யார் கவனித்தார்? தொலைந்த துணைக்கருவிக்கு மாற்று வந்ததா? இம்மூன்றையும் மாதந்தோறும் கேட்டாலே பாதி மாற்றம் வகுப்பறையை வந்தடையும். ஆசிரியரைப் பகையாகக் கருதிக் கேட்க வேண்டா. அவர்க்கும் இவை வேண்டும். பெற்றோர் கேட்டார் என்னும் சொல் தலைமையாசிரியனுக்குக் கிடைத்த ஆயுதம். இதனை நாம் பட்டறிவால் கூறுகிறோம்.

இளைஞர்களே, நீங்கள் உங்கள் மாலைகளில் ஒரு மணி நேரத்தை நம் சங்கத்தின் படிப்பகத்துக்குத் தாருங்கள். புதுநூல் வந்தவுடன் முதலில் நீங்கள் படியுங்கள். பின் தாய்மாரை அழைத்து, உங்கள் பிள்ளை இவ்வாண்டு இதனைக் கற்கப்போகிறது, இம்முறையில் கற்கப்போகிறது என்று எளிய சொல்லில் விளக்குங்கள். அன்று நாம் செய்யத் தவறியது அதுவே. அதைச் செய்திருந்தால் அந்த வேனைத் தடுத்திருப்போமா என்பதை உறுதியாகக் கூற இயலாது. ஆனால் நம் பெற்றோரேனும் ஐயத்தோடு பிள்ளையை அனுப்பியிருக்க மாட்டார்கள்.

அன்று விரல் பிடித்து எழுதக் கற்பித்த அச்சிறுமி இப்பொழுது ஆசிரியர் பயிற்சி முடித்து, நம் சங்கத்தின் படிப்பகத்தில் மாலைதோறும் பாடம் சொல்கிறாள். அங்கே நாற்காலிகள் உள. அவள் பாயில்தான் அமர்கிறாள். வாயிலைக் கடக்க ஒரு தலைமுறை உழைத்தது. நாற்காலியை அடைய ஒரு தலைமுறை உழைத்தது. அதனின்று விரும்பி இறங்கிப் பிள்ளைகளோடு அமரும் தலைமுறை இது. அவ்வட்டத்தை மீண்டும் முழுமையாக்கும் பணி உங்களுடையது. நம் சங்கம் பொன்விழாக் காணும் நாளில் அப்பணி நிறைவுற்றது என எழுதும் பேறு உங்களுள் ஒருவர்க்கு வாய்ப்பதாக!